நிற்கிற டிக்கெட்

"எல்லாம் ஒரே பாட்டாக இருக்கிறதே" என்று சொல்லித்தான் அந்த இசைத்தட்டைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஒரு மனிதர் பள்ளிக்கூட நாளிலிருந்து பத்திரமாக வைத்திருக்கும் பொருளை நம்பி இரவல் கொடுத்திருக்கிறார், அதற்கு இப்படியா பதில் சொல்வது? அவர் முகம் சுண்டவில்லை. உறையின் ஓரம் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே, "எப்படிக் கேட்டாய்?" என்றார். ராத்திரி, எல்லாரும் தூங்கிய பிறகு, சோபாவில் உட்கார்ந்து, நல்ல ஹெட்போனில் கேட்டேன் என்றேன். "உட்கார்ந்தா?" என்றார். அப்புறம் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னைத் தொந்தரவு செய்தது. கேலிச் சிரிப்பாக இருந்திருந்தால் மறந்திருப்பேன். பாயசத்தில் உப்பைப் போட்டுவிட்டு இனிப்பே இல்லை என்று புகார் சொல்பவனைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது அது.

ஹாக்விண்ட் என்ற இங்கிலாந்துக் குழுவின் ‘ஸ்பேஸ் ரிச்சுவல்’ அந்தத் தட்டு. 1973-இல் வந்த இரட்டைத் தட்டு. அதற்கு முந்தைய டிசம்பரில் இரண்டு இரவுகளில் கச்சேரி மேடையிலேயே பதிவு செய்தது. 22-ஆம் தேதி லிவர்பூல் ஸ்டேடியம், 30-ஆம் தேதி லண்டன் பிரிக்ஸ்டனில் சன்டவுன் அரங்கு. ஸ்டேடியம் என்றதும் கால்பந்து மைதானம் என்று நினைத்துவிட வேண்டாம், குத்துச்சண்டைக்காகக் கட்டிய கூடம் அது. பக்கத்து வீட்டுக்காரர் லிவர்பூலில் பிறந்தவர். அன்றைக்கு அவருக்கு வயது 15. வீட்டில் வேறெங்கோ போவதாகச் சொல்லிவிட்டு அந்தக் கூடத்துக்குப் போயிருக்கிறார். கடைசிப் பேருந்தை விட்டுவிட்டு, டிசம்பர் குளிரில் நடந்தே வீடு திரும்பி அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாராம். "இந்தத் தட்டில் கேட்கிற கூச்சலில் ஒன்று என்னுடையது" என்பார். எந்த இடத்தில் என்று கேட்டால் கையை விரித்துவிடுவார். எந்தத் துண்டு லிவர்பூல், எந்தத் துண்டு பிரிக்ஸ்டன் என்பதே அவருக்குத் தெரியாது. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது நாங்கள் இருவரும் இருப்பது இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சின்ன ஊர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு செங்கல் சுவர் என்பதால், அந்தக் குழுவை நான் இரவல் வாங்குவதற்கு முன்பே ஓரளவு கேட்டிருந்தேன் என்றும் சொல்லலாம்.

என் காது பழகிய விதம் வேறு. சினிமாப் பாட்டில் வளர்ந்த காது. முதல் சரணத்துக்கு முன்னால் வயலின் வந்தால் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் புல்லாங்குழல் வர வேண்டும். அடுத்து என்ன வரப்போகிறது என்று காத்திருப்பதில்தான் பாதி சுகம். ராக் இசைக்கு வந்தபோதும் அப்படியே வந்தேன், நுணுக்கமாகச் செதுக்கிய ஆல்பங்கள் வழியாக. ஹாக்விண்ட் தட்டிலோ கிட்டாரில் இரண்டு கார்டு, அதாவது சேர்த்து மீட்டும் இரண்டு சுரக்கூட்டு, சில இடங்களில் ஒன்றுதான். டிரம்ஸ் ரயில் மாதிரி ஓடுகிறது, எந்த ஸ்டேஷனிலும் நிற்பதில்லை. அதன் மேல் உய்ய்ய் என்று ஏறி இறங்கும் மின்னணு ஓசை. பாட்டு முடிந்தது என்று நினைத்தால் இடைவெளி விடாமல் யாரோ விண்வெளி பற்றிக் கவிதை வாசிக்கிறார், அது முடிவதற்குள் அடுத்த பாட்டு. வெளியானபோது "88 நிமிட மூளைச் சேதம்" என்று அவர்களே விளம்பரம் செய்தார்களாம். விளம்பரத்தில் பொய் சொல்லாத குழு என்று நினைத்துக்கொண்டேன்.

"நவம்பரில் வருகிறார்கள், வா" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். இன்னுமா வாசிக்கிறார்கள் என்று கேட்டேன். அதற்கும் அதே சிரிப்பு.

முதுகைக் காட்டி நின்ற நேரம்

அடுத்த ஊரில், பழைய தானியச் சந்தைக் கட்டடத்தை அரங்காக மாற்றியிருந்தார்கள். மரத்தரை, நாற்காலி கிடையாது. பல வருடத்துப் பியர் சிந்தி ஊறிய தரை, செருப்பு ஒட்டி ஒட்டி விட்டது. வந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு அறுபது தாண்டியிருக்கும். வெளுத்துப்போன கறுப்பு டி-ஷர்ட்டுகள், நரைத்த குடுமிகள். அப்பாவோடு வந்த பெண்கள் சிலர், அப்பாவை இழுத்துக்கொண்டு வந்த பையன்கள் சிலர், தனியாக வந்த இருபது வயதுக்காரர்கள் நான் நினைத்ததைவிட அதிகம். இந்த மாதிரி இசைக்கு சைக்கடெலிக் என்று பெயர், அதைச் சொன்னாலே போதைக் கதைதான் நினைவுக்கு வரும். எழுபதுகளில் அதற்குக் குறைவில்லை என்பதை அந்தக் குழுவினரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே கொண்டுவந்த ஒரே மருந்து ரத்த அழுத்த மாத்திரை. நான் குடித்தது எலுமிச்சை சோடா. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பிறகு நடந்ததற்கு அந்தக் காரணம் ஒத்துவராது.

அவர் நேராக ஒரு இடத்துக்குப் போய் நின்றார். அரங்கின் நடுவே, ஒலிக்கலவை மேசைக்கு ஒரு கஜம் முன்னால். "ஒலியைச் சரிசெய்கிற ஆள் கேட்பதுதான் உனக்கும் கேட்கும், இங்கேயே நில்" என்றார். காதில் வைக்க இரண்டு பஞ்சுக்குச்சி மாதிரி ஒன்றைக் கொடுத்தார். கோட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார். வயலில் இறங்கப்போகிறவர் போல் இருந்தது.

முதல் அரை மணி நேரம் நான் எதிர்பார்த்தபடிதான் போனது. டேவ் பிராக் ஓரமாக நின்று வாசித்தார். 1969-இல் குழுவைத் தொடங்கியவர், அன்றிலிருந்து விலகாமல் இருக்கும் ஒரே ஆள். அப்போது எழுபதைத் தாண்டியிருந்தார். கூத்தாடவில்லை, கூட்டத்தைப் பார்த்துக் கையை ஆட்டிக் கத்தச் சொல்லவில்லை. பின்னால் திரையில் கிரகங்களும் வண்ணக் குழம்புகளும் ஓடின. மேடையில் இருந்தவர்கள் மேலேயும் அதே படங்கள் விழுந்ததால், யார் எங்கே நிற்கிறார் என்று கண்டுபிடிப்பதே பாடாக இருந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். கால் வலித்தது. மூன்றாவதோ நான்காவதோ பாட்டில், வழக்கம் போல, மாறட்டும் மாறட்டும் என்று காத்திருந்தேன்.

எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, ஒரு கட்டத்தில் நான் காத்திருப்பதை நிறுத்தியிருந்தேன். நிறுத்தினேன் என்பதுகூடச் சரியில்லை, நின்றுபோயிருந்தது. பேஸ் கிட்டார் காதில் கேட்கவில்லை, நெஞ்செலும்பில் கேட்டது. மரத்தரை வழியாகக் குதிகாலில் ஏறியது. இரண்டு கார்டும் அதே இரண்டு கார்டுதான். ஆனால் அவற்றுக்குள் இவ்வளவு நடக்கிறதா? டிரம்ஸ்காரர் ஒரே தாளத்துக்குள் தட்டும் இடத்தை மாற்றிக்கொண்டே போகிறார், உலோகத் தட்டின் நடுவிலிருந்து விளிம்புக்கு நகர்கிறார். சிந்தசைசர் ஒரு சுருதியைப் பிடித்து, ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல இழைத்து, கடைசியில் வெறும் காற்றுச் சத்தமாக ஆக்குகிறது. கிட்டார் அதே கட்டத்தை வாசிக்கிறது, ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மயிரிழை வேறு மாதிரி. ஹெட்போனில் இதெல்லாம் இருந்திருக்கும். பெரிய மாற்றத்துக்குக் காத்திருந்த காது சின்ன மாற்றத்தை மதிக்கவில்லை, அவ்வளவுதான்.

இதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிட வேண்டும் என்று திரும்பினேன். அவர் இரண்டடி பின்னால் போயிருந்தார். அதனால் முழுசாகத் திரும்ப வேண்டியிருந்தது, மேடைக்கு முதுகைக் காட்டி. அப்போதுதான் பார்த்தேன். ஐந்நூறு அறுநூறு முகங்கள் இருக்கும். திரையில் விழுந்த ஒளி அவர்கள் முகத்திலும் சட்டையிலும் ஓடிக்கொண்டிருந்தது, ஒருவரின் வழுக்கையில் சனிக்கிரகத்தின் வளையம் வழுக்கிக்கொண்டு போனது. மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் குறைவு. பாதிப் பேர் கண்ணை மூடியிருந்தார்கள். சிலர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்த ஒருவர் கைப்பிடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். செல்போன் தூக்கிப் படம் பிடித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். என்ன படம் பிடிப்பது? பக்கத்து வீட்டுக்காரர் முழங்காலை லேசாக மடக்கி, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார். நான் அவர் எதிரே நிற்பது அவருக்குத் தெரியவில்லை. நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. ஆனால் மேடைப் பக்கம் திரும்பவும் தோன்றவில்லை. அந்தப் பாட்டு முடியும்வரை, முடிந்து இடைவெளி இல்லாமல் அடுத்தது தொடங்கிய பிறகும் கொஞ்ச நேரம், முதுகைக் காட்டியபடியே நின்றேன். எதையும் தவறவிட்டதாகத் தோன்றவில்லை. வேறு எந்தக் கச்சேரியிலாவது இப்படிச் செய்திருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள், டிக்கெட் காசு போச்சே என்று நானும் வருந்தியிருப்பேன்.

இருட்டில் வாசித்தவர்கள்

வீட்டுக்கு வந்து நிறையப் படித்தேன், பழைய பதிவுகளைத் தேடிக் கேட்டேன். எல்லாவற்றையும் இங்கே கொட்டப் போவதில்லை. அன்றைக்கு முதுகைக் காட்டி நின்றபோது தோன்றியதை ஒட்டி வருவது மட்டும்.

இந்தக் குழு ஆரம்பத்திலிருந்தே, பார்ப்பதற்கான ஆட்களாகத் தங்களை வைத்துக்கொள்ளவில்லை. 1969 ஆகஸ்டில் லண்டன் நாட்டிங் ஹில்லில் ஒரு கூடத்தில் நடந்த நிகழ்ச்சிக்கு அழைப்பே இல்லாமல் போய் நின்றார்கள். குழுவுக்குப் பெயர்கூட இல்லை, குரூப் எக்ஸ் என்று சொல்லிக்கொண்டார்கள். முன்பு ஒரு குழு பிரபலப்படுத்தியிருந்த பாட்டை ஆதாரமாக எடுத்துக்கொண்டு இழுத்து வாசித்தார்கள். அன்று அங்கிருந்த வானொலி அறிவிப்பாளர் ஜான் பீல், இவர்களை விட்டுவிடாதே என்று நிகழ்ச்சி ஏற்பாட்டாளரிடம் சொன்னதாக வரலாறு. பிராக் அதற்கு முன் லண்டன் தெருக்களில் கிட்டார் வாசித்துக் காசு வாங்கியவர். நிக் டர்னரும் டிக்மிக்கும் முதலில் வந்தது வண்டி ஓட்டவும் சாமான் தூக்கவும். டர்னர் கையில் சாக்சபோன் இருந்தது, வாசிக்கத் தொடங்கிவிட்டார். டிக்மிக் வைத்திருந்தது வாத்தியமே இல்லை, ஆடியோ ஜெனரேட்டர். மின்சாதனம் பழுது பார்க்கிறவர்கள் கருவியைச் சோதிக்க வைத்திருக்கும் பெட்டி அது. ஒரு குமிழைத் திருப்பினால் மனிதக் காதுக்கு எட்டாத அடிமட்டத்திலிருந்து எட்டாத உச்சம்வரை ஒரு சுருதி ஏறும். அதை எக்கோ கருவி வழியாக விட்டுத்தான் அந்த உய்ய்ய். லெம்மி 1971-இல் சேர்ந்தபோது பேஸ் கிட்டார் வாசித்துப் பழக்கமே இல்லாதவர். தாள கிட்டார் வாசித்த பழக்கத்தில் பேஸிலும் கார்டுகளாகவே அடித்தார். தெரியாமல் செய்த அந்தக் காரியம்தான் என் நெஞ்செலும்பில் கேட்ட ஒலியின் மூதாதை.

சரி, பார்க்க எதுவும் இல்லையா என்றால், நிறைய இருந்தது. ஆனால் வாசிப்பவர்கள் அதில் இல்லை. லிக்விட் லென் என்று பெயர் வைத்துக்கொண்ட ஜோனதன் ஸ்மீட்டனின் ஒளிக்காட்சி இருந்தது. அந்தக் காலத்து ஒளிக்காட்சியின் அடிப்படை வித்தை எளிமையானது. இரண்டு கண்ணாடித் தட்டுகளுக்கு நடுவே எண்ணெயும் சாயம் கலந்த நீரும், புரொஜெக்டரின் சூட்டில் அவை ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு நெளியும், அந்த நெளிவு ஒரு சுவர் அளவுக்குப் பெரிதாகித் திரையில் விழும். கூடவே ஸ்ட்ரோப் விளக்கு. அது வினாடிக்குப் பலமுறை வெட்டி வெட்டி எரியும்போது, கையை வீசுபவரின் கை வீசப்படாமல் ஒவ்வொரு இடமாகத் தோன்றித் தோன்றி மறையும். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து என்று இன்று எச்சரிக்கைப் பலகை வைக்கிற அதே விளக்கு. ஆறடி உயரத்துக்குக் கிட்டத்தட்ட வரும் ஸ்டேசியா, உடலில் வண்ணம் பூசிக்கொண்டு ஆடினார். ராபர்ட் கால்வர்ட் கவிதை வாசித்தார். ஒலிபெருக்கிகளுக்கே நிறம் தீட்டி மேடையை விண்கலமாக்கியவர் பார்னி பபிள்ஸ், தட்டுகளின் உறை ஓவியரும் அவரே. இத்தனைக்கும் நடுவே கிட்டார், டிரம்ஸ்காரர்கள் இருட்டில். விண்கலத்தில் உறங்கிக்கொண்டு போகிறவர்களின் கனவுகள் என்பதுதான் அந்த 1972 சுற்றுப்பயணத்தின் கரு. உறங்குகிறவர்கள் மேடையில் இருந்தார்களா, கீழே நின்றார்களா என்பதை யாரும் தெளிவாகச் சொன்னதாகத் தெரியவில்லை. நான் பார்த்த முகங்களை வைத்துச் சொன்னால், கீழேதான்.

இன்னொன்று. இவர்களுக்குக் கிடைத்த ஒரே பெரிய வெற்றிப் பாட்டு ‘சில்வர் மெஷின்’, 1972-இல் பிரிட்டிஷ் பட்டியலில் 3-ஆம் இடம். அதுவும் மேடையில் பிறந்ததே. லண்டன் ரவுண்ட்ஹவுஸ், ஒரு காலத்தில் ரயில் எஞ்சின்களை நிறுத்தித் திருப்பிய வட்டக் கொட்டகை, அங்கே பிப்ரவரியில் பதிவானது. கால்வர்ட்டின் குரல் சரியாக அமையவில்லை என்று லெம்மியை ஸ்டுடியோவில் மறுபடி பாடவைத்து மேலே ஒட்டினார்கள். விண்கலத்தைப் பற்றியது என்று உலகம் நம்பிய அந்தப் பாட்டு, தன் வெள்ளி நிறச் சைக்கிளைப் பற்றியது என்று கால்வர்ட் பிறகு சொன்னார். வந்த காசைப் போட்டுத்தான் அந்த விண்கல மேடையே. சுற்றுப்பயணத்தில் பதிவான இரட்டைத் தட்டு 9-ஆம் இடம் வரை போனது. அதில்கூட இரண்டு பாட்டுகளை, தட்டு தாங்காது என்று நடுவில் வெட்டியிருக்கிறார்கள். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. கச்சேரியின் தட்டு என்பது கச்சேரி அல்ல என்பதை, இசைக்கோட்பாடு எதுவும் பேசாமல், ஒரு கத்தரிக்கோல் சொல்லிவிட்டது. நான் சோபாவில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னது அந்த வெட்டிய பொருளை வைத்துத்தான்.

இந்த இடத்தில் நம் ஊர்க் கொடையையும் உறுமியையும் இழுத்து வந்து பக்கத்தில் நிறுத்தத் தோன்றும். எனக்கும் தோன்றியது, இரண்டு பத்தி எழுதிவிட்டு அழித்தேன். உறுமிக்குப் பின்னால் ஒரு சாமி இருக்கிறது, வர வேண்டிய நேரத்தில் வரும். அந்தத் தானியச் சந்தையில் யாருக்கும் எதுவும் வரவில்லை. பதினொரு மணிக்கு விளக்கைப் போட்டார்கள், எல்லாரும் கோட்டைத் தேடினார்கள்.

பெயர் யாருக்கு

பழைய நினைவில்தான் கிழவர்கள் போகிறார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. என்னிடம் அந்த நினைவு இல்லையே. 1972-இல் நான் பிறக்கவே இல்லை. லெம்மியின் ஹாக்விண்ட் என்றால் எனக்குக் கேள்விப்பட்டதுதான். அவரை 1975-இல் கனடா எல்லையில் போதைப்பொருளோடு பிடித்தார்கள். அதையொட்டிக் குழுவிலிருந்து நீக்கினார்கள். வெளியே போனவர், ஹாக்விண்டுக்காகத் தான் எழுதிய கடைசிப் பாட்டின் பெயரையே வைத்து மோட்டர்ஹெட் என்ற குழுவைத் தொடங்கி உலகப் புகழ் பெற்றார். குழுவின் முகமென்று பலரும் நினைத்தவர் போன பிறகும் குழு நிற்கவில்லை. கால்வர்ட் 1988-இல் இறந்தார். கிட்டார்காரர் ஹியூ லாய்ட்-லாங்டன் 2012-இல். வந்து போனவர்கள் பட்டியல் டஜன் கணக்கில் நீளும். கொஞ்ச காலம், கிரீம் குழுவில் வாசித்துப் புகழ் பெற்ற ஜிஞ்சர் பேக்கர்கூட டிரம்ஸ் வாசித்திருக்கிறார். ரிச்சர்ட் சாட்விக் 1988-இல் டிரம்ஸில் உட்கார்ந்தவர், அந்தக் குழுவில் அது ஒரு யுகம். பலகையை ஒவ்வொன்றாக மாற்றிய பிறகும் அது அதே படகுதானா என்ற பழைய கிரேக்கப் புதிர் நினைவுக்கு வரும், ஆனால் அது எனக்குப் போதவில்லை. படகுக்கு வடிவம் இருக்கிறது. இங்கே வாசிப்பவர்கள் மாறுகிறார்கள், பாட்டு மாறுகிறது, மாறாதது கீழே நிற்கிறவர்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம்தான்.

1970-இல் ஐல் ஆஃப் வைட் தீவில் பெரிய இசைவிழா நடந்தபோது, டிக்கெட் வாங்காதவர்களைத் தடுக்க வேலி போட்டிருந்தார்கள். ஹாக்விண்ட் வேலிக்கு வெளியே, ஒரு கூடாரத்தில் இலவசமாக வாசித்தார்கள். பழங்காலக் கல்வட்டம் நிற்கும் ஸ்டோன்ஹெஞ்சில் 1974 முதல் 1984 வரை ஜூன் மாதங்களில் கூடிய இலவச விழாவிலும் பலமுறை. அடுத்த வருடம் போலீஸ், விழாவுக்கு வந்தவர்களின் வண்டிகளை மறித்து அடித்து நொறுக்கி அந்த விழாவை ஒழித்துவிட்டது, அது தனிக் கதை. பார்க்க வந்தவர்களுக்கும் வாசிக்க வந்தவர்களுக்கும் நடுவே வேலி வேண்டாம் என்று நினைத்த குழு என்று அழகாக எழுதி முடித்திருப்பேன். ஆனால் இதே குழுவில்தான், பல வருடம் கழித்து, ஹாக்விண்ட் என்ற பெயரைப் பயன்படுத்தும் உரிமை யாருக்கு என்று பிராக்கும் டர்னரும் வழக்காடினார்கள். பிராக் ஜெயித்தார். டர்னர் வேறு பெயரில் அதே பழைய பாட்டுகளை வாசித்துக்கொண்டு திரிந்தார், 2022-இல் இறந்தார். எல்லாருக்கும் பொதுவானது என்று தொடங்கியதில் பெயர் மட்டும் ஒருவருக்குத்தான். இது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் இரண்டு பேர் கச்சேரிக்கும் போயிருக்கிறார். "டர்னர் கச்சேரியில் சாக்சபோன் நன்றாக இருக்கும், பிராக் கச்சேரியில் தரை நன்றாக அதிரும்" என்றார். நீதிமன்றம் இவரைச் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கலாம்.

உட்கார்ந்து பார்த்தது

முதல் கச்சேரியோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை எழுத வேண்டிய தேவை இருந்திருக்காது. ஒரு மதம் மாறியவனின் திருப்தியோடு இருந்திருப்பேன். பிறகு இரண்டாவது கச்சேரி. அப்போது பக்கத்து வீட்டுக்காரரின் வலது முழங்கால் கெட்டுப்போயிருந்தது, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். அவர் இரண்டரை மணி நேரம் நிற்கக் கூடாது என்று நான்தான் பொறுப்பாக யோசித்து, இருக்கை உள்ள அரங்காகத் தேர்ந்து, நல்ல வரிசையில் இரண்டு டிக்கெட் வாங்கினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நன்றி சொன்னார். இங்கிலாந்துக்காரர்கள் ஒன்றும் சொல்லாமல் நன்றி மட்டும் சொன்னால் எதையோ தப்பாகச் செய்திருக்கிறோம் என்று அர்த்தம், இத்தனை வருடத்தில் அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அழகான அரங்கு. வெல்வெட் நாற்காலி, தரையில் கம்பளம். ஒலி கண்ணாடி போல் துலங்கியது. ஒவ்வொரு சொல்லும் புரிந்தது, அதுவே முதல் சிக்கல். வாசித்தவர்கள் முன்னைவிட மோசமாக வாசிக்கவில்லை, இன்னும் நன்றாகவே வாசித்தார்கள் என்று நினைக்கிறேன். ஒளிக்காட்சியும் குறைவில்லை. ஆனால் கம்பளம் அதிர்வைக் குடித்துவிட்டது. நாற்காலி முதுகைப் பிடித்து என்னை மேடைப் பக்கம் திருப்பி வைத்தது. பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியவில்லை, முன்வரிசைக்காரரின் பின்மண்டை தெரிந்தது. இருபது நிமிடத்தில் என் பழைய காது திரும்பி வந்துவிட்டது. மாறட்டும், மாறட்டும். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அரை மணி நேரம் கழித்து, எனக்கே வெட்கமாக, மனசுக்குள் அந்த வாக்கியம் ஓடியது: எல்லாம் ஒரே பாட்டாக இருக்கிறதே.

அப்படியானால் அன்றைக்குத் தானியச் சந்தையில் நான் கேட்டது என்ன? குழு அதே குழு. நானும் அதே ஆள், முன்னைவிட விஷயம் தெரிந்தவன் வேறு. 2023-இல் இவர்கள் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் வாசித்தார்கள், பிராக்குக்கு அப்போது 82 வயது. அங்கே உட்கார்ந்து பார்த்தவர்கள் எத்தனையோ பேர் பரவசப்பட்டிருப்பார்கள், அதை நான் மறுக்கவில்லை. எனக்கு மட்டும் நாற்காலி ஒரு முழுப்பாட்டையே தின்றுவிடுகிறது. ஒருவேளை இது அந்தக் குழுவைப் பற்றிய விஷயமே இல்லையோ என்னவோ. உட்கார்ந்தால் நான் தேர்வுத்தாள் திருத்துகிறவனாகிவிடுகிறேன். நின்றால், கால் வலியும் பக்கத்து ஆளின் முழங்கையும் சேர்ந்து அந்தச் சிவப்புப் பேனாவைப் பிடுங்கிவிடுகின்றன.

இப்படி யோசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து நாற்காலி காலியாக இருந்ததைக் கவனித்தேன். கழிவறைக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். பத்து நிமிடமாகியும் காணோம். ரத்த அழுத்தம், முழங்கால் என்று மனம் ஓட, எழுந்து ஓரப்பாதை வழியாகப் பின்னால் போனேன். அவசரகாலக் கதவுக்குப் பக்கத்தில், கம்பளம் முடிந்து வெறும் தரை தொடங்கும் மூன்றடி இடத்தில், சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, கோட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். கண் மூடியிருந்தது. ஆரோக்கியமான இடது காலில் எடையைப் போட்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். தரை லேசாக அதிர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் அரங்கு ஊழியர் ஒரு பெண் டார்ச்சோடு வந்தார். இங்கே நிற்கக் கூடாது, இருக்கைக்குப் போங்கள் என்று பணிவாகச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் கண்ணைத் திறந்து, பெரிய துக்கம் போல முகத்தை வைத்துக்கொண்டு, தன் வலது முழங்காலைத் தொட்டுக் காட்டினார். உட்கார்ந்தால் வலி உயிர் போகிறது, நின்றால்தான் தாங்குகிறது என்றார். பச்சைப் பொய். அந்தப் பெண் இரக்கத்தோடு தலையாட்டிவிட்டு, டார்ச்சை என் பக்கம் திருப்பினார்.

"இவனுக்கும் முழங்கால்தான்" என்றார் அவர்.